படிக்கட்டு அமைத்த நாவலர்

ஆறுமுக நாவலர் என்றதும் சைவத் தொண்டும் ஏட்டுச் சுவடிப் பதிப்பும் பலர்க்கு நினைவுக்கு வரும். எனக்கோ அவர் சிறுவர்க்கென எழுதிய பாலபாடங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. உயர்ந்த இலக்கண இலக்கியங்களை ஓதப்போகும் பிள்ளை அவற்றிற்கு முன் எதை எதைக் கற்க வேண்டும் என்ற கேள்வியை அவரைப் போல் கருதிப் பார்த்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் பயின்றார். ஆங்கிலம் கற்க வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். பீட்டர் பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவினார்.

இவ்வாறு இருவகைப் பள்ளிகளையும் அவர் உள்ளிருந்தே கண்டார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் நீதிநூலையும் நிகண்டையும் நெட்டுருப் போட்டனர். பொருள் விளங்குவது பிறகு. மிஷன் பள்ளியில் வகுப்பு முறை இருந்தது, வகுப்புக்கேற்ற புத்தகம் இருந்தது. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விட்டு விலகும் நிலையும் உடன் இருந்தது. 1848-ல் அவ்வேலையைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி தோன்றிவிட்டது, கற்பிக்கப் புத்தகம் எங்கே? அடுத்த ஆண்டே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தை அளித்தது. பட்டத்தினும் அந்த யந்திரமே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பேறு என்பேன்.

1850 முதல் பாலபாடங்கள் வெளிவரலாயின. முதற் புத்தகம் எழுத்திலும் சிறு சொல்லிலும் தொடங்கும். நான்காம் பாலபாடத்திற்கு வரும்போதோ மாணாக்கன் களவு, பொய், கோபம் முதலிய பொருள்கள்பற்றிய கட்டுரைகளையே படிக்கிறான். இடையில் வாக்கியம் சிறிது சிறிதாக நீள்கிறது. சந்தி சிறிது சிறிதாகப் பழகுகிறது. நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடையில் பரவலாக எடுத்தாண்டவரும் அவரே. செய்யுளில் இறங்குமுன் உரைநடையில் நீந்தப் பழக்கினார்.

இலக்கணத்திலும் இதே முறைதான். நன்னூல் பாயிரத்தோடு 462 நூற்பாக்கள் கொண்டது. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் திடீரெனக் கொடுத்தால் ஓடத்தான் செய்வான். நாவலர் அதற்கு முன்னே இலக்கண வினாவிடையை வைத்தார். அடுத்து, எளிய உரைநடையில் இலக்கணச் சுருக்கத்தை வைத்தார். நன்னூலில் இருப்பன எழுத்தும் சொல்லுமே. சுருக்கத்தில் தொடர்மொழியதிகாரம் என்று மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார். பாடந்தோறும் தேர்வு வினாக்கள் உண்டு. இவற்றைக் கடந்தவனுக்கு நன்னூற் காண்டிகையுரை காத்திருந்தது. அதற்கும் மேலே, 1861-ல் அவர் பதிப்பித்த திருக்குறள் பரிமேலழகருரை! அடிப்படியும் மேல்மாடமும் ஒருவர் கைவேலை.

நான் வேதியியல் பயில்பவன். மோல் கணக்கு அறியாதவனை எங்கள் துறையில் வெப்ப இயக்கவியல் வகுப்பில் உட்கார வைப்பதில்லை. மொழிக்கு மட்டும் இந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம். இங்கே மைசூரில் பள்ளியிலே கன்னடமும் ஆங்கிலமும் படித்து, வீட்டிலே தமிழ் பேசும் நம்மவர் பிள்ளைகள் எத்தனை பேர்! விழா மேடைக்காக அவர்களுக்குப் பத்துக் குறள் மனப்பாடம் செய்விக்கிறோம். ஒரு பக்க உரைநடையைத் தாமே படித்து, தம் சொல்லில் எழுதப் பழக்குவதில்லை. எட்டாம் வகுப்போடு தமிழ் அவர்களிடமிருந்து நழுவுகிறது. குற்றம் பிள்ளைகள்மேல் அன்று. நடுப்படியை நாம் வைக்கவில்லை.

நாவலரின் கொள்கைகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. சாதி வேற்றுமையை அவர் விட்டுக்கொடுத்தவர் அல்லர். அவர் கட்டிய படியில் ஏறும் உரிமை அன்று எல்லார்க்கும் கிட்டவில்லை. இதை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது.

மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, தேடிய பொருளையெல்லாம் பள்ளிக்கும் அச்சுக்கும் செலவிட்டார். 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். 1879 டிசம்பர் 5-ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். அதன் பின்னும் பாலபாடங்கள் பதிப்பின்மேல் பதிப்பாக வெளிவந்து, கடல் கடந்த இரு கரைகளிலும் பிள்ளைகளின் கைகளில் தவழ்ந்தன.