தீபாவளி நாளில் சிறையில் இருந்த அன்னை

தீபாவளி வந்தால் வீட்டில் தாய்க்குத்தான் வேலை அதிகம். பலகாரம் சுட வேண்டும். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். வாசலில் கோலம் போட வேண்டும்.

1913-ம் ஆண்டு தீபாவளிக்கு ஒரு தாய், கடல் கடந்த நாட்டில், சிறைக்குள் இருந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, துணி வெளுப்பது!

அவர்தான் கஸ்தூரிபாய். காந்தியடிகளின் மனைவி.

அவர் ஏன் சிறைக்குப் போனார்?

இளமை

கஸ்தூரிபாய் 1869-ல் குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். வசதியான வியாபாரிக் குடும்பம். ஆனாலும் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் பெண்களைப் படிக்க வைப்பது அபூர்வம்.

1883-ல் அவருக்கும் காந்திக்கும் திருமணம் நடந்தது. இருவரும் சிறு பிள்ளைகள்.

காந்தி வக்கீலாகி, தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் தமிழர்கள் உள்பட ஏராளமான இந்தியர்கள் கூலி வேலை செய்தார்கள். அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளைக் கண்ட காந்தி, அங்கேயே தங்கி உழைப்பது என்று முடிவு செய்தார். குடும்பத்தை அழைத்துப் போக 1896-ல் ஊருக்கு வந்தார்.

கப்பலில் கிறிஸ்துமஸ்

கஸ்தூரிபாய் 2 பிள்ளைகளோடு கப்பல் ஏறினார்.

டிசம்பரில் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஆனால் யாரையும் இறங்க விடவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியிருந்ததைக் காரணம் காட்டி, கப்பலைக் கடலிலேயே நிறுத்திவிட்டார்கள். கரையில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டு, வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று மிரட்டினார்கள்.

அப்படி நிற்கும்போதே கிறிஸ்துமஸ் பண்டிகை வந்தது. கப்பல் தலைவர் ஒரு விருந்து கொடுத்தார். காந்தி குடும்பம்தான் அதில் முக்கிய விருந்தாளி.

கரையிலே பகை! கப்பலிலே விருந்து! புது நாட்டில் அந்தக் குடும்பம் கண்ட முதல் பண்டிகை அதுதான்.

1897 ஜனவரியில் இறங்க அனுமதி கிடைத்தது. கஸ்தூரிபாயும் பிள்ளைகளும் வண்டியில் முன்னே போய், ரஸ்தம்ஜி என்ற பார்சி நண்பர் வீட்டை அடைந்தார்கள். பின்னால் நடந்து வந்த காந்தியை ஒரு கும்பல் கல்லால் அடித்தது, உதைத்தது. போலீஸ் அதிகாரியின் மனைவி குறுக்கே வந்து, குடையை விரித்து அவரைக் காப்பாற்றினார். அந்தப் பெண்மணியும் வெள்ளைக்காரரே.

பண்ணையில் ரம்ஜான்

ஆண்டுகள் ஓடின. இந்தியர்களின் உரிமைப் போர் வலுத்தது. சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களை யார் காப்பாற்றுவது?

காலன்பாக் என்ற வெள்ளைக்கார நண்பர், ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் பண்ணையை 1910-ல் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழர், குஜராத்தியர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எல்லோரும் அங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். கஸ்தூரிபாயும் பிள்ளைகளும் அங்கே வந்து தங்கினார்கள். வேலைக்காரர் கிடையாது. சமையல், தோட்ட வேலை, கக்கூஸ் சுத்தம் எல்லாம் அவரவரே செய்தார்கள்.

ரம்ஜான் மாதம் வந்தது. முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு இருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மற்றப் பிள்ளைகளும் பகல் முழுவதும் பட்டினி கிடந்தார்கள்!

பொழுது சாய்வதற்கு முன்பே மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பிறகு நல்ல பண்டங்கள் செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சூரியன் மறைந்ததும் முஸ்லிம் தோழர்களுக்குப் பரிமாறுவார்கள்.

சிறையில் தீபாவளி

1913 மார்ச் மாதம் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்த திருமணமே செல்லும் என்பது அதன் பொருள். அப்படியானால், தாலி கட்டியும் நிக்கா செய்தும் வாழ்ந்த இந்தியப் பெண்கள் எல்லாம் மனைவிகளே இல்லை!

கஸ்தூரிபாயின் மனம் கொதித்தது. உடல்நலம் குன்றியிருந்தும் போராட்டத்தில் குதித்தார்.

அப்போது நேட்டால் மாகாணத்திலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வாலுக்குள் நுழைவது குற்றம். முதல் அணியில் 16 பேர் எல்லை தாண்டினார்கள். அதில் கஸ்தூரிபாய் ஒருவர். மகன் ராமதாஸ் ஒருவர். செப்டம்பர் 23-ந்தேதி எல்லோருக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கஸ்தூரிபாய்க்கு 3 மாதம் கடுங்காவல்.

நவராத்திரி வந்தது; போயிற்று. தீபாவளியும் வந்தது. தாயும் மகன் ராமதாசும் சிறையில். தந்தையோ வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களோடு. கடைசி மகன் தேவதாஸ், 13 வயதுச் சிறுவன், டர்பன் அருகே பீனிக்ஸ் குடியிருப்பில் தன் பங்கு வேலையைச் செய்துகொண்டிருந்தான். தீபாவளி அன்று அந்தக் குடும்பம் மூன்று திசையில் இருந்தது.

சிறைச் சாப்பாடு வாயில் வைக்க முடியாதது. டிசம்பர் 22-ந்தேதி, கிறிஸ்துமசுக்கு 3 நாள் முன்பு, கஸ்தூரிபாய் எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். பிழைத்ததே பெரிது.

அதே போராட்டத்தில் சிறை சென்ற தமிழ்ப் பெண் தில்லையாடி வள்ளியம்மை பிழைக்கவில்லை. சிறையில் கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22-ந்தேதி இறந்தார். வயது 16.

அந்த ஆண்டே சட்டம் மாறியது. இந்தியத் திருமணங்கள் செல்லும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

சிவராத்திரி

கஸ்தூரிபாய் தாய்நாடு திரும்பினார். இங்கேயும் பல முறை சிறை சென்றார். தேவதாஸ், ராஜாஜியின் மகள் லட்சுமியை மணந்ததால், தமிழ்நாட்டுக்குச் சம்பந்தியும் ஆனார்.

1942-ல் பூனா ஆகாகான் மாளிகையில் அவரைக் காவலில் வைத்தார்கள். 70 வயதைத் தாண்டிய மனைவிக்குக் காந்தியடிகள் அங்கே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1944 பிப்ரவரி 22. அன்று மகா சிவராத்திரி. கணவர் மடியில் கஸ்தூரிபாயின் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை இறந்து சரியாக 30 ஆண்டு! காந்தியடிகள் நூற்ற நூலில் நெய்த சேலையை உடுத்தி, அன்னையைத் தகனம் செய்தார்கள்.

பொன்னேரியிலிருந்து சென்னைக்கு ரெயில் ஏறும் தாய்மார்கள் பலருக்குத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியைத் தெரிந்திருக்கும். பிரசவத்துக்குப் பேர்போன இடம். அதன் வாசலில் எழுதியிருக்கும் பெயர், கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.