காட்டிலாகா ஊழியரும் அறுபத்துநான்கு கட்டங்களும்

சதுரங்கத்திலே பெயர் நாட்டியோர் பெரும்பாலும் பந்தயங்களில் எதிரிகளை வீழ்த்தியவர்களே. ருஷ்ய நாட்டு அலெக்சி ட்ரொயிட்ஸ்கி அவ்வழியால் வந்தவரல்லர். உலகப் பட்டத்துக்கு அவர் போட்டியிட்டதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்த உத்தியோகம் காட்டிலாகாவில். ஓய்வு வேளையிற் பலகையிலே சில காய்களை நிறுத்தி, பிறர் விடுவிப்பதற்கெனப் புதிர் அமைப்பதே அவர் பொழுதுபோக்கு. ஆட்ட இறுதிநிலைப் புதிர்க்கலைக்குத் தந்தை என்று அவரைச் சதுரங்க உலகம் போற்றுகின்றது.

அன்னார் 1866ஆம் ஆண்டு சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். அங்கே வனவியல் கற்கும் நாளிற் சதுரங்க வட்டாரத்துடன் பழக்கம் உண்டாயிற்று. உலகப் பட்டத்துக்காக 1889இலும் 1892இலும் ஹவானா சென்று போராடிய சிகோரின் என்னும் பெருவீரர் இவ்விளைஞரின் திறமையை இனங்கண்டு ஊக்கினார். 1895இல் முதற் புதிர்கள் அச்சேறின. பின்னர் உத்தியோகம் அவரை ஸ்மொலென்ஸ்க் மாகாணத்துக் காடுகளுக்குக் கொண்டு சென்றது. சில வருடங்கள் புதிரமைப்பும் ஓய்ந்து கிடந்தது. 1906 முதல் ஜெர்மானியச் சதுரங்க ஏடொன்றில் அவர் பெயர் மீண்டும் தோன்றியது.

இவ்வகைப் புதிரிலே, இத்தனை நகர்த்தலில் அரசனை மடக்கு என்ற கணக்கில்லை. வெள்ளை வெல்லவேண்டும், அல்லது தோல்வியிலிருந்து தப்பிச் சமநிலை காணவேண்டும், அவ்வளவே. ஆனால் வழி ஒன்றே இருக்கவேண்டும். அமைத்தவர் எண்ணாத இரண்டாவது வழியொன்றை எவராவது கண்டுவிட்டால், பல நாள் உழைப்பு அக்கணமே பாழ். புதிரமைப்போர் இரவில் உறக்கமின்றிப் புரள்வது இதனாலேதான். கணினி இல்லாத காலம் அது. ஒவ்வொரு கிளைவழியையும் தம் மதியாலேயே அவர் சோதிக்கவேண்டியிருந்தது.

அவர் செய்த ஆராய்ச்சியுள் ஒன்றை மட்டும் இங்கு சற்று விரித்துச் சொல்லவேண்டும். இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு தனித்து நிற்கும் எதிரரசனை வலிந்து மடக்க முடியாது. மூலையில் நெருக்கும்போது அவன் நகர இடமின்றி நிற்பான், ஆட்டம் சமநிலையாகிவிடும். அவனுக்குத் துணையாகக் காலாள் ஒன்று இருந்தாலோ கதை மாறுகின்றது! அரசன் அசைய இயலாவிடினும் காலாள் அசையலாம். ஆகவே சமநிலை என்று தப்ப வழியில்லை. ஒரு குதிரை காலாளை மறித்து நிற்க, மற்றதும் அரசனும் பகையரசனைத் துரத்த, தக்க தருணத்தில் மறித்த குதிரையும் பாய்ந்து வந்து முடித்துவிடும். வாழவைக்க வந்த துணையே எமனாகிறது.

ஆயினும் காலாள் அதிகம் முன்னேறிவிட்டால் இது பலியாது. எட்டு நிரல்களிலும் எந்தக் கட்டம்வரை மறித்தால் வெற்றி நிச்சயம் என்று ட்ரொயிட்ஸ்கி வரையறுத்தார். அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. சில நிலைகளில் முடிவுகாண நூற்றுக்கு மேற்பட்ட நகர்த்தல் வேண்டும். ஐம்பது நகர்த்தல் விதி அதற்கு இடந்தராது என்பது வேறு விஷயம். பல்லாண்டுகளின் பின் கணினிகள் இவ்விறுதிநிலையை முற்றாகக் கணித்தபோது, அவர் முடிவுகள் வியக்கத்தக்க அளவு சரியாயிருந்தன.

1924இல் அவருடைய ஐந்நூறு புதிர்கள் பேர்லினில் நூலாயின. 1928இல் ருஷ்ய அரசு அவருக்குக் கலைஞர்க்குரிய கௌரவப் பட்டம் அளித்தது. குதிரை ஆராய்ச்சியை அனுபந்தமாகக் கொண்ட தொகுதியொன்று 1937இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

1941 செப்டெம்பரில் ஜெர்மானியப் படைகள் லெனின்கிராட்டை முற்றுகையிட்டன. பிறந்த நகரிலே, பெயர் மாறிய அந்நகரிலே, முதியவர் அகப்பட்டுக்கொண்டார். ரொட்டிக்கு நகரமே தவித்தது. 1942 ஓகஸ்டில், எழுபத்தாறாவது வயதில், பட்டினியால் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய குறிப்புகளும் அங்கேயே அழிந்தன. அவற்றுள் அச்சேறாத புதிர்கள் எத்தனை இருந்தனவோ! முன்னரே ஏடுகளுக்கு அனுப்பியவையும் நூலானவையுமே நமக்கு எஞ்சின.