ஜி. டி. நாயுடு

ஜெர்மானியராகிய கார்ல் பென்ஸ் 1886 ஆம் ஆண்டில் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஏழாண்டுகள் கழித்து, 1893 இல், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார் துரைசாமி. பள்ளிப் படிப்பு அவர் உள்ளத்தைக் கவரவில்லை. ஒருநாள் ஆங்கிலேயர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அவ்வண்டி அவர் சிந்தையில் குடிகொண்டது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். அதில் ஏறி உலவுவதோடு அவர் நின்றாரல்லர், உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி.

1920 இல் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். நாளடைவில் ஒன்று பலவாகப் பெருகியது. 1937 இல் அவர் முயற்சியால் கோவையில் மின்மோட்டார் உருவாயிற்று. கார் செல்வர்க்கே உரியதாய் இருந்த 1952 இல், இருவர் அமரும் சிறிய காரை 2,000 ரூபாய் விலையில் அளிக்க முனைந்தார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. எளியோர்க்கான அவ்வண்டி தெருவுக்கு வரவில்லை. ஆயினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1974 இல் மறையும் வரை புதியன படைப்பதிலேயே கருத்தூன்றினார். வண்டியில் ஏறுவோர் பலர். அது ஓடும் வகையை ஆராய்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்குதல் மாணவர் கடனாகும்.