கிருமி ஆயுதத் தடை: அதில் இருந்த ஓட்டையை அன்றே காட்டிய அல்வா மிர்டால் யார்?

நோயை ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடாது. 180க்கும் அதிகமான நாடுகள் இதை எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கிருமி ஆயுதங்களைத் தயாரிப்பதையும் சேர்த்துவைப்பதையும் தடைசெய்யும் உயிரியல் ஆயுத ஒப்பந்தம் 1975இல் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டது. மலேசியா 1991இல் சேர்ந்தது.

சரி, ஒரு நாடு கையெழுத்தும் போட்டுவிட்டு, ஏதோவொரு ஆய்வுக்கூடத்தில் ரகசியமா அதே வேலையைச் செய்தால்? யார் போய்ப் பார்ப்பார்கள்?

யாரும் இல்லை. இந்த ஒப்பந்தத்துக்குச் சோதனையாளர்கள் கிடையாது. ஜெனீவாவில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை கூட்டங்களை ஏற்பாடு செய்வது, நாடுகள் தரும் தகவல்களைத் திரட்டுவது. அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை அடைக்க நாடுகள் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனா ஓட்டை விழுந்தபோதே அதைக் கண்டு சத்தம் போட்டவர்களில் ஒருவர் சுவீடனின் அல்வா மிர்டால். பெயரைக் கேட்டதும் தமிழர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனா ஜெனீவாவில் அல்வா கொடுத்தது அவர் இல்லை, வல்லரசுகள்.

படிக்க இடமில்லாத பெண்

அல்வா 1902இல் சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்தார். வளர்ந்தது எஸ்கில்ஸ்டூனா என்ற தொழில் நகரில். அங்கே பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் உயர்நிலைப் பள்ளி இருந்தது. ஆனா அது பையன்களுக்கு மட்டும். அல்வா அலுவலக வேலைக்குப் போனார். பிறகு ஊரில் செல்வாக்குள்ள அவருடைய அப்பா ஏற்பாடு செய்ததில், அல்வாவுக்கும் வேறு சில பெண்களுக்கும் தனியாக வகுப்பு நடந்தது. 1924இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் பொருளியல் படித்த குன்னார் மிர்டாலைத் திருமணம் செய்துகொண்டார்.

1934இல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் சுவீடனையே பேசவைத்தது. நாட்டில் பிள்ளைகள் பிறப்பது குறைகிறதே என்ற கவலைதான் அதன் மையம். (சிங்கப்பூரர்களுக்கு இது ரொம்பவே பழக்கப்பட்ட கவலை.) பெண்களை வேலையைவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வது தீர்வு இல்லை என்று அவர்கள் வாதாடினார்கள். குழந்தைப் பராமரிப்பு நிலையம், நல்ல வீடு, மருத்துவ வசதி ஆகியவற்றை அரசாங்கம் தரவேண்டும் என்றார்கள். பிற்காலச் சுவீடனின் சமூகநலத் திட்டங்களுக்கு அதில் விதை இருந்தது.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. தகுதியில்லாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்வதையும் அந்தப் புத்தகம் ஆதரித்தது. சுவீடன் அப்படிப்பட்ட சட்டங்களை 1970கள் வரை வைத்திருந்தது. அறிவியல் தவறான கையில் என்ன ஆகும் என்று பின்னாளில் உலகத்தை எச்சரித்தவரின் வரலாற்றில் இது ஒரு கறை.

1949இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சமூகநலப் பிரிவு. அடுத்து பாரிஸில் யுனெஸ்கோ. 1955 முதல் 1961 வரை இந்தியாவுக்கான சுவீடன் தூதர். இலங்கை, மியன்மார் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நேருவுடன் நல்ல நட்பு. இத்தனைக்கும் பிறகு, 59 வயதில், ஆயுதக் குறைப்பு வேலை அவரைத் தேடி வந்தது. அதில் அவருக்கு அதுவரை அனுபவமே இல்லை.

இரண்டு பேர் ஓட்டும் வண்டி

1962இல் ஜெனீவாவில் 18 நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழு தொடங்கியது. அமெரிக்கத் தரப்புக்கு ஐந்து இடம். சோவியத் தரப்புக்கு ஐந்து. எந்தப் பக்கமும் சேராத எட்டு நாடுகள் நடுவில். இந்தியா, மெக்சிகோ, எகிப்து ஆகியவற்றோடு சுவீடனும் அந்த எட்டில் ஒன்று. கூட்டுத் தலைவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவும் சோவியத் யூனியனும்தான். மற்றவர்கள் பேசலாம். முடிவு அந்த இருவர் கையில்.

சுவீடன் குழுவின் தலைவர் அல்வா. அங்கே வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதனால் தன் குழுவில் விஞ்ஞானிகளைச் சேர்த்துக்கொண்டார். நிலத்துக்கு அடியில் நடக்கும் அணுவாயுதச் சோதனையைக் கண்டுபிடிக்க முடியாது என்று வல்லரசுகள் சொன்னால், நில அதிர்வுக் கருவிகளின் தரவுகளோடு பதில் சொல்வார். ஸ்டாக்ஹோமில் அனைத்துலக அமைதி ஆய்வு நிலையம் 1966இல் அமைந்தபோது அதன் முதல் நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்த நிலையம் ரசாயன, உயிரியல் ஆயுதங்களைப் பற்றி ஆறு தொகுதிகள் வெளியிட்டது.

அந்தக் காலத்தில் சுவீடன் முன்வைத்த ஒரு யோசனை முக்கியமானது. ஒரு நாட்டின்மேல் சந்தேகம் எழுகிறது. அந்த நாடே முன்வந்து சோதனையாளர்களை அழைத்துத் தன்னைச் சுத்தமானது என்று காட்டலாம். அழைக்க மறுத்தால்? அந்த மறுப்பே உலகத்துக்கு ஒரு தகவல். யார் வீட்டுக்குள்ளும் வலுக்கட்டாயமாக நுழைய வேண்டியதில்லை. முதலில் அணுவாயுதச் சோதனைத் தடைக்காகச் சொல்லப்பட்ட யோசனை இது.

கிருமிகள் மேசைக்கு வந்தபோது

1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்பாடு போரில் நச்சு வாயுவையும் கிருமிகளையும் பயன்படுத்தத் தடை விதித்தது. தயாரிக்கத் தடை இல்லை. எதிரி முதலில் பயன்படுத்தினால் நாங்களும் பயன்படுத்துவோம் என்று பல நாடுகள் பின்குறிப்போடுதான் கையெழுத்திட்டன.

அது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சீனாவில் பிளேக் கிருமியைப் பரப்பியது. அதற்குக் கிளைகளும் இருந்தன. சிங்கப்பூரில், இன்றைய பொது மருத்துவமனை வளாகத்தில் இருந்த மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில், ஒக்கா 9420 என்ற பிரிவு எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் வைத்து வேலை செய்தது. பிற்காலத்தில் அமைச்சரான ஒத்மான் வோக் இளம் வயதில் அங்கே உதவியாளராக இருந்தார். அங்கே பார்த்ததை அவர் பின்னர் வெளியில் சொன்னார்.

வியட்நாம் போரில் அமெரிக்கா களைக்கொல்லியையும் கண்ணீர்ப் புகையையும் ஏராளமாகப் பயன்படுத்தியது. 1925 உடன்பாடு இவற்றுக்குப் பொருந்தாது என்றது வாஷிங்டன். பொருந்தும் என்று சுவீடனும் வேறு பல நாடுகளும் ஐநா பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தன. அல்வா அதற்காகக் கடுமையாக வாதாடினார். 1969 டிசம்பரில் வாக்களிப்பு நடந்தது. ஆதரவு 80, எதிர்ப்பு 3, நடுநிலை 36. எதிர்த்த மூன்று நாடுகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல். நடுநிலை வகித்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்க. அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை, ஆதரிக்கவும் மனமில்லை.

இதற்கிடையில் பிரிட்டன் ஒரு வழி சொன்னது. ரசாயனத்தையும் கிருமியையும் ஒன்றாகப் பேசினால் எதுவும் முடியாது. ராணுவத்துக்கே பெரிதாகப் பிடிக்காத கிருமி ஆயுதத்தை முதலில் முடிப்போம் என்றது. சுவீடன் தயங்கியது. சுலபமானதை முதலில் எடுத்துக்கொண்டால் கஷ்டமானது கிடப்பில் போய்விடும் என்பது அல்வா தரப்பின் பயம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனா பயந்ததுதான் நடந்தது. ரசாயன ஆயுத ஒப்பந்தம் கையெழுத்துக்கு வர 1993 ஆகிவிட்டது.

1969 நவம்பரில் அதிபர் நிக்சன் அமெரிக்காவின் கிருமி ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 1971 மார்ச்சில் சோவியத் யூனியனும் கிருமி ஆயுதத்தைத் தனியாகப் பேச ஒத்துக்கொண்டது. அதன்பிறகு எல்லாமே வேகம். ஆகஸ்ட்டில் இரண்டு வல்லரசுகளும் ஒரே வாசகம் கொண்ட வரைவுகளை மேசையில் வைத்தன. 1972 ஏப்ரல் 10ஆம் தேதி கையெழுத்துகள் தொடங்கின.

அந்த வேகத்தில் ஒரு முக்கியமான விஷயம் காணாமல் போனது. பிரிட்டனின் ஆரம்ப வரைவில், கிருமி ஆயுதம் பயன்படுத்தப்பட்டதாகப் புகார் வந்தால் ஐநா தலைமைச் செயலாளர் விசாரிப்பார் என்று இருந்தது. இறுதி ஒப்பந்தத்தில் அது இல்லை. புகாரைப் பாதுகாப்பு மன்றத்திடம் கொண்டுபோக வேண்டும். அங்கே ஐந்து நாடுகளுக்கு ரத்து அதிகாரம் உண்டு. அந்த ஐந்தில் ஒன்றின்மீதே புகார் என்றால்? விசாரணை தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

சுவீடன் அன்று கையெழுத்துப் போட ஓடவில்லை. 1976இல்தான் உறுப்பினரானது. அதே ஆண்டில் அல்வா, ஆயுதக் குறைப்பு என்பது வல்லரசுகள் ஆடும் ஆட்டமாகிவிட்டதைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். இரண்டு வல்லரசுகளுக்கும் அதில் அடி.

ஒரு ஊர், ஒரு காற்று

1979 ஏப்ரல். சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் திடீரென்று மக்கள் ஆந்த்ராக்ஸ் நோயால் இறக்கத் தொடங்கினார்கள். 60க்கும் அதிகமானோர் பலியானார்கள். கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்றது மாஸ்கோ. அமெரிக்கா நம்பவில்லை. ஆனா போய்ப் பார்க்க வழி? ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லையே. 1980இல் நடந்த முதல் மறுஆய்வு மாநாட்டில், பாதுகாப்பு மன்றத்தை நம்பியிருக்காத விசாரணை ஏற்பாடு வேண்டும் என்று சுவீடன் வலியுறுத்தியது. நடக்கவில்லை.

அல்வாவுக்கு 1982இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கார்சியா ரோப்ளெசுடன் அதைப் பகிர்ந்துகொண்டார். கணவர் குன்னார் 1974லேயே பொருளியலுக்காக நோபெல் பெற்றிருந்தார். 1986 பிப்ரவரி 1ஆம் தேதி, 84 வயது நிறைந்த மறுநாள், அல்வா காலமானார்.

ஸ்வெர்ட்லோவ்ஸ்க் உண்மை அவருக்குத் தெரியாமலே போயிற்று. 1992இல்தான், ராணுவ நிலையத்திலிருந்து கிருமி கசிந்தது என்பதை அதிபர் யெல்ட்சின் ஒத்துக்கொண்டார். இறந்தவர்கள் பெரும்பாலோர் அந்த நிலையத்திலிருந்து காற்று வீசிய திசையில் இருந்தவர்கள் என்பதை விஞ்ஞானிகள் வரைபடத்தில் காட்டினார்கள். ஒப்பந்தத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்ற மூன்று நாடுகளில் ஒன்று, அதை மீறி மாபெரும் கிருமி ஆயுதத் திட்டத்தை நடத்தியிருந்தது.

ரசாயன ஆயுத ஒப்பந்தத்துக்கு இன்று ஹேக் நகரில் தனி அமைப்பும் சோதனையாளர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் எழுந்தால் உடனே சோதனை கேட்கும் விதியும் உண்டு. கிருமி ஆயுதத்துக்கும் அதுபோல ஒன்று செய்ய 1995இல் பேச்சு தொடங்கியது. ஹங்கேரியின் டிபோர் டோத் தலைமையில் 200 பக்கத்துக்கு மேல் வரைவு தயாரானது. 2001 ஜூலையில் அமெரிக்கா அதை நிராகரித்தது. சோதனை செய்தாலும் ஏமாற்றுபவர்கள் பிடிபடமாட்டார்கள், தன்னுடைய பாதுகாப்பு ரகசியங்களும் மருந்து நிறுவனங்களின் ரகசியங்களும் வெளியே போய்விடும் என்பது அதன் காரணம். அந்தக் கவலை முழுக்கப் பொய்யும் இல்லை. தடுப்பூசி தயாரிக்கும் கருவியும் கிருமி வளர்க்கும் கருவியும் பெரும்பாலும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டு இழுபறி. 2022 டிசம்பரில் நடந்த ஒன்பதாவது மறுஆய்வு மாநாடு ஒப்பந்தத்தை வலுப்படுத்த ஒரு பணிக்குழுவை அமைத்தது. சரிபார்ப்பும் அதன் பட்டியலில் இருக்கிறது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு தலையை ஆட்டி மறுத்தாலும் போதும், அன்றைய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.