மூன்றாவது கரண்டி ரசம்

இங்கிலாந்துல பொறியியல் படிக்கிறேன். சனி, ஞாயிறு வந்தா அறையிலேயே முடங்கிடுவேன். அப்படி ஒரு நாள்தான் கணிதமேதை இராமானுஜன் வாழ்க்கையைப் படிச்சேன்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். சைவம் என்பதால் தானே சமைப்பார். ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். மூன்றாவது தடவை ரசம் ஊற்ற வந்தபோது, விருந்துக்கு வந்த பெண்கள் போதும் என்றார்கள். மனம் நொந்து, சொல்லாமலே ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பிவிட்டார்! 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1920-இல், 32 வயதிலேயே மறைந்தார்.

அவ்வளவு பெரிய மேதைக்கும் கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டியிருந்திருக்கு. போன சனிக்கிழமை பக்கத்து அறை நண்பனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சோறு குழைஞ்சு போச்சு. ஆனாலும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினான்.