நூலகப் புத்தகமும் இரவல் கேமராவும்

வால்ட் டிஸ்னி என்றதும் மிக்கி எலியும் கேளிக்கைப் பூங்காக்களும் நம் நினைவுக்கு வரும். ஆனால், அசைவூட்டப் படக் கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. விலையுயர்ந்த கருவிகளும் அவரிடம் இல்லை. கைக்கு எட்டியவற்றைக் கொண்டே அவர் அக்கலையைக் கற்றுக்கொண்டார்.

டிஸ்னி 1901ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பின்னர் கான்சஸ் சிட்டி நகரில் குடியேறியது. சிறுவனான அவர் விடியுமுன் எழுந்து, வீடு வீடாக நாளிதழ் போட்டுவிட்டுப் பள்ளிக்குச் சென்றார். அந்த வேலைப்பளுவிலும் ஓவியம் வரைவதை அவர் விட்டுவிடவில்லை.

1920ஆம் ஆண்டு, தமது 18ஆம் வயதில், விளம்பரப் பட நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காகித உருவங்களை வெட்டி, அவற்றின் கைகால்களைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தனர். அந்த அசைவு விறைப்பாக இருப்பதாக டிஸ்னிக்குத் தோன்றியது. ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே வரைந்தால் இயல்பாக இருக்கும் என அவர் எண்ணினார். அதைக் கற்றுக்கொள்ளப் பொது நூலகத்தை நாடினார். அங்கே எட்வின் லட்ஸ் எழுதிய அசைவூட்டப் பட நூல் கிடைத்தது. பிறகு, தம் முதலாளியிடம் கேமரா ஒன்றை இரவல் வாங்கினார். பகலெல்லாம் வேலை, இரவில் வீட்டு வாகனக் கொட்டகையில் பயிற்சி.

இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் அசைவூட்டச் செயலிகளில், முந்தைய படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து அடுத்த படத்தை வரையலாம். அக்காலத்தில் ஓவியர்கள், அடியில் விளக்கெரியும் கண்ணாடியின்மீது தாள்களை அடுக்கி இதையே செய்தனர். இன்று நாம் வரைந்ததை உடனே ஓட்டிப் பார்க்கிறோம். அன்றோ, படச்சுருளைக் கழுவித் திரையிட்ட பிறகே பிழை கண்ணில் படும்.

1921ஆம் ஆண்டு, உள்ளூர்த் திரையரங்கு ஒன்று டிஸ்னியின் குறும்படங்களை வாங்க முன்வந்தது. மகிழ்ச்சியில் அவர் செலவுத் தொகையையே விலையாகக் கூறிவிட்டார். இலாபத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்! அடுத்த ஆண்டு சொந்த நிறுவனம் தொடங்கினார். படங்களுக்குரிய பணம் வந்து சேரவில்லை. வாடகை கொடுக்க வழியின்றி அலுவலகத்திலேயே தங்கினார். 1923ஆம் ஆண்டு அந்நிறுவனம் நொடித்துப் போனது. அப்போது அவருக்கு வயது 21. ஏறக்குறைய 40 டாலருடன் ஹாலிவுட்டுக்கு இரயிலேறினார். கற்ற கலை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அங்கே அண்ணன் ராயுடன் சேர்ந்து மீண்டும் படமெடுத்தார். தம்மைவிட நண்பர் அப் ஐவர்க்ஸ் சிறப்பாக வரைவதை உணர்ந்து, வரையும் பணியை அவரிடம் விட்டுவிட்டு, கதையில் கவனம் செலுத்தினார். இருவரும் உருவாக்கிய மிக்கி எலி, 1928ஆம் ஆண்டு ஒலியுடன் திரைக்கு வந்து புகழ்பெற்றது. 1937ஆம் ஆண்டு 'ஸ்னோ ஒயிட்' முழுநீளப் படம் வெளிவந்தது.

புகழ் வந்த பிறகும் கற்றல் ஓயவில்லை. தம் ஓவியர்கள் மேலும் தேர்ச்சி பெற, நிறுவனச் செலவில் இரவு வகுப்புகளை நடத்தினார். 1966ஆம் ஆண்டு டிஸ்னி மறைந்தார். நூலகப் புத்தகத்தைப் புரட்டிக் கற்ற இளைஞர், பிற்காலத்தில் பலர் கற்பதற்கும் வழி அமைத்தார்.