டி.பி.கைலாசம்: தமிழ் வீட்டுப் பிள்ளை கன்னட நாடகத்தின் முகமானது எப்படி?

பெங்களூரு கப்பன் பார்க்கில் மரங்களுக்கு நடுவே நிற்கும் சிவப்புக் கட்டடத்தை உங்களில் பலர் போட்டோ எடுத்திருப்பீர்கள். அது மாநில மத்திய நூலகம். பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயரின் நினைவாக 1915-ல் கட்டப்பட்டது. அங்கே கன்னட நாடகம் தேடிப் போனால் சீக்கிரமே ஒரு தமிழ்ப் பெயர் எதிர்ப்படும்: கைலாசம்.

யார் இவர்?

தியாகராஜ பரமசிவ கைலாசம், மைசூர் சமஸ்தானத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1884-ல் பிறந்தார். அப்பா பரமசிவ ஐயர் நீதிபதி. அவருக்குப் புவியியல் மேல் ஒரு பித்து. ரிக் வேதத்துக்கே புவியியல் விளக்கம் எழுதி 1911-ல் புத்தகம் போட்டவர். மகன் எந்தப் படிப்புக்குப் போனார்னு சொல்லவே வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரி, பிறகு லண்டனில் சில ஆண்டுகள், திரும்பி வந்ததும் அரசின் புவியியல் துறையில் வேலை. இன்றைய கணக்கில், எல்லா அப்பாக்களும் கனவு காணும் ரெஸ்யூமே.

ஆனால் லண்டனில் அவர் நாடக அரங்குகளையும் விடாமல் பார்த்திருந்தார். கடைசியில் வேலையை விட்டார். அதன் பிறகு நிலையான வருமானம் இல்லை, ஒழுங்கான குடும்ப வாழ்க்கையும் இல்லை. 'நூக்' என்று அவரே பேர் வைத்த ஒரு குப்பையான அறை, கை விட்டுப் போகாத சிகரெட், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும் வேலை. பெரும்பாலும் அவர் தன் கையால் எழுதவில்லை. சொல்லச் சொல்ல மாணவர்களும் நண்பர்களும் எழுதிக்கொண்டார்கள். யாரும் எழுதிக்கொள்ளாதது காற்றோடு போச்சு.

அப்படி என்ன மாற்றினார்?

அன்றைய கம்பெனி நாடகங்களில் ராஜாக்கள், புராணம், பாட்டுக்கு மேல் பாட்டு. கைலாசம் மேடைக்குக் கொண்டுவந்தது நடுத்தர வீட்டுக் கூடம். 'டொள்ளு கட்டி' என்றால் பொள்ளலும் கெட்டியும். அதில் ஒரு பிள்ளை பாடப்புத்தகப் புழு, இன்னொருவன் பரீட்சையில் தேறாதவன். வீட்டுக்கு ஒரு கஷ்டம் வரும்போது உதவுவது இரண்டாமவன்தான். வரதட்சணையைக் கிண்டலடித்த நாடகத்துக்குத் தலைப்பே 'தாலி கட்டக் கூலியா?' என்ற பொருளில் இருக்கும்.

பாத்திரங்கள் பேசியது பாதி கன்னடம், பாதி ஆங்கிலம். நாம இன்னைக்கு ஆபீஸ்ல தங்லிஷ் பேசுற மாதிரியே. மொழியைக் கெடுக்கிறார் என்று பண்டிதர்கள் கோபப்பட்டார்கள். எனக்கென்னவோ, இங்கிலீஷைக் காட்டி அந்தஸ்து தேடுபவர்களைத்தான் அந்தக் கலப்பு அதிகம் கேலி செய்தது என்று தோன்றுகிறது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பாடிய 'டிப்பரரி' பாட்டைக்கூட அவர் கன்னட கிராமத்துப் பாட்டாக்கிவிட்டார்.

அங்கீகாரம் கிடைத்ததா?

1945-ல் கன்னட சாகித்ய சம்மேளனத்துக்கு அவரே தலைவர். கன்னடர்களின் அந்த மாநாடு, தமிழ் வீட்டில் பிறந்தவர் தலைமையில் நடந்த ஊர் சென்னை! மறு ஆண்டு நவம்பரில் பெங்களூருவில் காலமானார்.

கன்னடம் படிக்க வராதா? ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார். அந்த நாடகங்களில் சிரிப்பு இல்லை. கர்ணன், ஏகலைவன், கீசகன் என்று இதிகாசத்தில் தோற்றவர்கள் பக்கம் நிற்பவை. 'கீசகன்' அச்சில் வந்தது 1949-ல், அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து.